மஸ்கார்போன்

புரோசார்டில் இருந்த தங்கள் வீட்டிலிருந்து கார் புறப்பட்டதுமே கஜந்தினி சொல்லிவிட்டாள்: "அப்பா, அங்க போய்க் கனக்கக் கதைக்காதேங்கோ."

அவள் கட்டப்போகும் இத்தாலியப் பையன் லூக்காவின் வீட்டில் முதல் விருந்து. தியாகராசா, "ஓம் பிள்ளை" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் லூக்காவின் தாய் பிரான்கா, வெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருந்த பாற்கட்டி ஒன்றின்மேல் தேன் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்த தியாகராசாவின் முகம் மலர்ந்தது. "ஆ! மஸ்கார்போன்!" என்றார்.

கஜந்தினிக்கு உடம்பு கூசியது. தமிழில் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பிரெஞ்சில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "அப்பா, மஸ்-கார்-போ-னே!" அதோடும் விடவில்லை. முன்பு ஸ்பானியர் வட இத்தாலியை ஆண்டபோது ஓர் அதிகாரி இதை ருசித்துவிட்டு, "மாஸ் கே புவேனோ", நல்லதிலும் நல்லது என்றானாம், அதுவே பெயராயிற்றாம் என்று இணையத்தில் பார்த்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டாள்.

பிரான்கா பொறுமையாகக் கேட்டாள். தானும் கேட்ட கதைதான், ஆனால் தங்கள் ஊரில் அதை நம்புவார் இல்லை என்றாள். இத்தாலியில் அவர்களுடைய ஊரான லோதிப் பக்கத்துப் பேச்சில் 'மஸ்கார்பா' என்று ஒரு மெதுவான பாற்கட்டி உண்டு. பெயர் அதிலிருந்து வந்திருக்கலாம், நிச்சயமாக யாருக்கும் தெரியாது.

"என் அம்மா கடைசி 'னே'யைச் சொல்லவே மாட்டார். உங்கள் அப்பா சொன்ன மாதிரித்தான் சொல்வார்" என்று தியாகராசாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. பாதிக் கிண்ணம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு "மெர்சி" என்ற நன்றியைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கஜந்தினியால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது பாலத்தில் வாகன நெரிசல். அவரே வாய் திறந்தார்.

"போன கிழமை இத்தாலியன் கடைக்குப் போய், அவையின்ர சாமானுகளின்ர பேரெல்லாம் வாசிச்சுப் பாத்தனான். உனக்கு வெக்கம் வரக்கூடாதெண்டு."

காரை ஓட்டிக்கொண்டிருந்த கஜந்தினி அவர் பக்கம் திரும்பினாள். "நான்தான் பிழை விட்டிட்டன், அப்பா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சரி, விடு. றோட்டைப் பார்."

அடுத்த மாதம் பிரான்கா மறுபடி அழைத்தாள். "எனக்கு வேலை இருக்கு, நீ போட்டு வா" என்றார் தியாகராசா. அன்று அவருக்கு லீவு என்பது கஜந்தினிக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவளுக்கு முகமில்லை.