கமிசார் திருடிய கொடி

தெயோலிந்தா வீட்டுக் கொடி முதலில் ஒரு சேவலைக் கொன்றது, அடுத்த மாதம் ஒரு போலீஸ்காரரைக் கொன்றது. அந்த வருஷம் கரும்பு விலை படுத்துக் கிடந்தது, மரவள்ளி அமோகமாக விளைந்தது. மற்றபடி எங்கள் ஊர் சான் புளாஸில் சொல்லிக்கொள்ளும்படி வேறு விசேஷம் இல்லை.

தெயோலிந்தா ஊரின் ஒரே போட்டோக்காரி. அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்குக்கும் அவளிடம்தான் போக வேண்டும். மிச்ச நேரமெல்லாம் அவள் கொடிகளோடு கிடந்தாள். கொல்லையில் கம்பிப் பந்தல் போட்டு மல்லிகை, காகிதப் பூ, எக்காளப் பூ என்று ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றும் விரியும் நேரம் பார்த்துக் காத்திருந்து படம் எடுப்பாள். பூவில் உட்காரும் வண்டுகளைத் தொப்பியால் விரட்டுவது அவள் புருஷன் ஃபெர்மினின் வேலை. “எங்கம்மாவ ரெண்டே நிமிஷத்துல எடுத்து அனுப்பிட்ட, இந்தச் செடிக்கு மட்டும் அரை நாளா?” என்று முனகுவான். “உங்கம்மா பேசாம இருந்தாங்களா?” என்று அவள் கேட்பாள். இருவருக்கும் பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் இதைவிடச் சந்தோஷமாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஃபெர்மின் கரும்பாலையில் எடை போடுபவன். ஆலைத் தராசு பொய் சொல்கிறது என்று ஒருநாள் வெட்டுக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டான். மறுநாள் மதியம், ஊர் உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, போலீஸ் கமிசார் ஒவெலாரின் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. ஸ்டேஷனிலிருந்து வந்த அலறலைக் கேட்டு மூன்று தெரு ரேடியோக்களும் சத்தம் கூட்டப்பட்டன. சாயங்காலம் ரேடியோக்கள் ஓய்ந்தபோது அங்கேயும் சத்தம் இல்லை.

தெயோலிந்தா ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள். “உன் புருஷன் ஆத்தைத் தாண்டி அர்ஜென்டினாவுக்கு ஓடிட்டாம்மா. அங்க எவளாவது இருப்பா. போ, போய்ப் பூவப் படம் எடு” என்றார் ஒவெலார். “உயிரோட கேக்கலீங்கய்யா. உடம்பக் குடுங்க, புதைச்சுக்கறேன்” என்றாள் அவள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் இதையே கேட்டாள். ஒரு திங்கட்கிழமை, ஸாராத்தே என்ற போலீஸ்காரர் துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் இடித்தார். முன்பற்கள் இரண்டு போயின. அதற்குப் பிறகும் போனாள். பல் இல்லாத வாயால் கேட்டதும் அதே கேள்விதான்.

அந்த மழைக்காலத்தில் லாக்கப்புக்குப் பின்னால், யாரும் நடாமலே ஒரு புருகுயாக் கொடி முளைத்தது. புருகுயாப் பூ எங்கள் பக்கம் ஊதா நிறம், சுற்றிலும் நூல் நூலாக இருக்கும். இது கசாப்புக் கடையில் தொங்கும் இறைச்சியின் சிவப்பில் பூத்தது. ஒவெலாரின் வீடும் ஸ்டேஷனும் ஒரே வளாகம். அவர் மனைவி பெர்லா அதற்கு மூங்கில் நட்டு, வருபவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டாள்.

எங்கள் ஊரில் கேட்டு வாங்கிய கொடி வாடிவிடும், திருடிய கொடிதான் வேர் பிடிக்கும். ஆகவே நல்ல குடும்பத்துப் பெண்கள் யாரும் கேட்பதில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு கணுவைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்காரி அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பாள். அதுதான் மரியாதை. ஒவெலாரின் மகளுடைய பதினைந்தாவது பிறந்தநாளுக்குப் படம் எடுக்கப் போன தெயோலிந்தா, சிவப்புக் கொடியில் ஒரு கணுவைக் கிள்ளினாள். பெர்லா அதைப் பார்த்தாள். உடனே வானத்தைப் பார்த்து, “மழ வருமோ?” என்றாள். “வரும் போலத்தான் இருக்கு” என்றாள் தெயோலிந்தா, கேமராப் பையை மூடிக்கொண்டே.

வியாழக்கிழமை நட்ட கொடி ஞாயிற்றுக்கிழமை கூரையைத் தொட்டது. மல்லிகையை நசுக்கியது, தண்ணீர்ப் பானையை இறுக்கி உடைத்தது, தன் தளிரைக் கொத்திய சேவலின் கழுத்தைத் திருகிப் போட்டது. தெயோலிந்தா சேவலைக் குழம்பு வைத்துவிட்டு, முதல் பூவைப் படம் எடுத்தாள். கழுவிப் பார்த்தபோது படத்தில் பூ இல்லை. கன்றிப்போன ஒரு தோள் இருந்தது. மறுநாள் பூவில் ஒரு உள்ளங்கால், சிகரெட்டால் சுட்ட துளைகளோடு. அதற்கடுத்த நாள் நகம் பிடுங்கிய இடது கை, சுண்டுவிரல் வளைந்து.

“ஐயோ அக்கா, இது ஃபெர்மின் கை. எங்க வண்டிச் சக்கரத்துல சிக்கின விரலு. சின்னப் புள்ளையில நாந்தான் துணி கட்டிவிட்டேன்” என்று பக்கத்து வீட்டு நிமியா கதறினாள். தெயோலிந்தா கதறவில்லை. கல்யாணப் படங்களை எப்படி உலர்த்துவாளோ அப்படியே, தெருவைப் பார்த்த கம்பியில் இவற்றையும் மாட்டினாள். தினமும் ஒன்று கூடியது. கரும்பு வெட்டப் போகிறவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். சிலர் வேலிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துவிட்டுப் போனார்கள். ஊரில் முதல்முறையாக யாரும் ரேடியோ போடவில்லை.

கொடியை வெட்ட ஸாராத்தே வந்தார். முதல் வெட்டில் தண்டிலிருந்து ரத்தம் பீய்ச்சி அவர் பூட்ஸில் தெறித்தது. இரண்டாவது வெட்டுக்கு அரிவாளை ஓங்கியபோது ஒரு பற்றுக்கம்பி அவர் கழுத்தைச் சுற்றியது. அது அவசரப்படவில்லை, பந்தல் கம்பியில் எப்படிச் சுற்றுமோ அப்படியே, ஒவ்வொரு சுற்றாக இறுக்கியது. “அக்கா, விடச் சொல்லுக்கா, செத்துருவான்!” என்று நிமியா அலறினாள். “நான் புடிச்சிருந்தா விட்டுருப்பேன். கொடிதான புடிச்சிருக்கு” என்றாள் தெயோலிந்தா. வெயில் தாங்காமல் இறந்ததாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். எங்கள் பக்கம் டிசம்பர்தான் கடும் கோடை, யாரும் மறுக்கவில்லை.

பிறகு ஒவெலாரே ஆட்களோடு வந்தார். படங்களைக் கொளுத்தினார், ஸ்டுடியோவை நொறுக்கினார், தெயோலிந்தாவின் விலாவில் ஏறி மிதித்தார். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் தெருவரை கேட்டது. கொடியைக் கயிறு போட்டு, நாலு எருதுகளைக் கட்டி, வேரோடு பிடுங்கினார்கள். “இத என் கொல்லையில போட்டு, என் கண்ணு முன்னால எரிக்கிறேன்” என்றார்.

நிமியா வேலியோரம் வந்தாள். “கமிசார் ஐயா, ஒரு வார்த்த அக்காகிட்டக் கேட்டு வாங்கிட்டுப் போங்கய்யா. கேக்காம எடுத்துட்டுப் போகாதீங்க.”

“நானா? எவகிட்டடி கேக்கணும்?”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடி போகிற வழியிலேயே வாடியிருக்கும். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. தரையில் கிடந்த தெயோலிந்தா, வாயிலிருந்து ரத்தம் வழிய, முகத்தை மெல்லத் திருப்பி வானத்தைப் பார்த்தாள்.

ஸ்டேஷன் கொல்லையில் மண்ணெண்ணெய் ஊற்றிய கொடி எரியவில்லை. மறுநாள் மதியத்துக்குள் வேர் விட்டது. லாக்கப் சுவரைப் பிளந்து கைதிகளை வெளியே விட்டது. கூரை ஓடுகளைப் பிய்த்து எறிந்தது, போலீஸ்காரர்களைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தது; ஒருவருக்குக் காது போயிற்று, இன்னொருவருக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. ஒவெலார் இருந்த குண்டுகளையெல்லாம் சுட்டார். குண்டு பட்ட ஒவ்வொரு துளையிலும் பூ பூத்தது. கொடி அவர் வாய் வழியாக உள்ளே போய் வேண்டிய இடங்களிலெல்லாம் வெளியே வந்து, வாசல் வளைவில் அவரைத் தூக்கி மாட்டியது. பெர்லாவும் மகளும் அதன் நடுவே நடந்து வெளியே வந்தார்கள். அவர்களுக்கு அது வழி விட்டது. ஒவெலாருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு லாக்கப்புக்குப் பின்னால் மண் விண்டது. கொடி ஃபெர்மினின் எலும்புகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கியது. தெயோலிந்தா விலாவைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு படுக்கை விரிப்பை ஏந்தினாள். தலையை இறக்கிக் கொடுத்தது, மார்புக்கூட்டை இறக்கியது, கால்களை இறக்கியது. இடது கையை மட்டும் வாசல் வளைவில் வைத்துக்கொண்டு தரவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். “முழுசா இல்லாம எப்படிம்மா அடக்கம் பண்றது?” என்று பாதிரியார் தயங்கினார். “இருக்கறதப் பண்ணுங்க சாமி. நான் கேட்டது கெடைச்சிருச்சு” என்றாள். ஊர் முழுக்கப் பின்னால் நடந்தது.

புதிதாக வந்த கமிசார் கையை அகற்றச் சொல்லி ஆள் தேடினார், கிடைக்கவில்லை. இப்போது அவர் அதன் அடியில் நுழையும்போது தொப்பியைக் கழற்றுகிறார். தெயோலிந்தா வேறு கேமரா வாங்கி, பழையபடி ஊரில் உள்ள எல்லாப் பூக்களையும் படம் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டேஷன் வாசலுக்குப் போய், அந்தக் கையின் விரல்களுக்கு இடையே வளர்ந்த தளிர்களை நகம் வெட்டுவதுபோல வெட்டிவிட்டு, ஒரு கையை மேலே நீட்டியபடி கொஞ்ச நேரம் நிற்பாள். அந்தச் சிவப்புப் பூவை மட்டும் ஏன் எடுப்பதில்லை என்று தலைநகர் அசுன்சியோனிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்.

“கேமராவுக்கு ரெண்டு கை வேணும் தம்பி. இங்க நிக்கிறப்ப எனக்கு ஒண்ணுதான காலியா இருக்கு.”