கல்யாணத்துக்குப் போகாத வேன்

ஆம்பூர் நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென்று குறுக்கே திரும்பியது. எங்கள் கம்பெனி வேன் அதில் மோதிச் சாய்ந்தது. உள்ளே, என்னையும் சேர்த்து, ஷூ கம்பெனிக்குக் காலை ஷிப்டு போய்க்கொண்டிருந்த பதினான்கு பெண்கள். பிரேக் சரியில்லை என்று டிரைவர் ஒரு வாரமாகக் கத்தினான். எவன் காதில் வாங்கினான்?

பக்கத்து மெஷினில் தைக்கும் அஃப்ஷாவின் கால் சீட்டுக்கடியில் நசுங்கிவிட்டது. "தேவகி அக்கா, காலு மரத்துப்போச்சுக்கா" என்று அழுதாள். நான் 108-க்குப் போன் போட்டேன். ஆம்புலன்ஸுக்கு முன்னால் சூப்பர்வைசர் மூர்த்தியின் பைக் வந்துவிட்டது.

யாருக்கு அடி என்றுகூட அந்தப் பாவி கேட்கவில்லை. "ஐடி கார்டெல்லாம் கழட்டிக் குடுங்க. போலீஸ் கேட்டா கல்யாணத்துக்குப் போனோம்னு சொல்லுங்க. வேனுக்கு எஃப்.சி. சர்டிபிகேட் இல்ல, கம்பெனிக்கு பேஜாராய்டும்."

நெற்றியில் ரத்தம் ஒழுக ஒழுகக் கழற்றிக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகும்போது அடிபட்டது என்று எழுதினால்தான் ஈ.எஸ்.ஐ.யில் ஊனத்துக்குப் பென்ஷன் வரும். கல்யாணத்துக்குப் போனவளுக்கு ஒரு மண்ணும் கிடையாது. அஃப்ஷா வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

அவள் கழுத்திலிருந்த கார்டுக் கயிற்றையும் மூர்த்தி உருவினான்.

"மொதல்ல அவ காலப் பாருய்யா!"

"உன் கார்டு எங்க? நாளைக்கு வேலை வேணும்ல?"

"தரமாட்டேன், போய்யா!"

ஆஸ்பத்திரியில் அஃப்ஷாவை உள்ளே தூக்கிப் போனார்கள். போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். "எங்கம்மா போய்ட்டிருந்தீங்க?"

"கல்யாணத்துக்கு சார்" என்று மூர்த்தி முந்திக்கொண்டான். பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் கம்பெனி நீலக் கோட்டு போட்டுக்கினு இன்னா கல்யாணம்யா அது?" கத்திவிட்டேன். "வேலைக்கு சார்!"

"தலையில அடி சார், உளறுது."

மூர்த்தியின் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. எட்டிப் பிடித்து இழுத்தேன். ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்த கார்டெல்லாம் தரையில் கொட்டின.

போலீஸ்காரர் ஒன்றை எடுத்தார். ரத்தக்கறையைத் துடைத்துவிட்டு, "அஃப்ஷா, தையல் பிரிவு" என்று படித்தார். மூர்த்தியைப் பார்த்தார்.

தரையைப் பார்த்திருந்தவர்களில் ரஃபத் ஜஹான்தான் முதலில் குனிந்தாள். தன் கார்டைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"வேலைக்குத்தான் சார் போனோம்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் குனிந்தார்கள்.