டாங்கித் தடத்துத் தேரைகள்

சுவிஸில் ஆமி இல்லை, ராணுவமே கிடையாது என்று என் மகள் சாருஜாவுக்கு நான்தான் சொல்லிவைத்தேன். ஊரில், வலிகாமத்தில் எங்கள் வேலியையும் சமையல் குசினியையும் ஒரு டாங்கி மிதித்துக்கொண்டு போனபோது அவளுக்கு நான்கு வயது. சுவிஸில் டீட்டிகோன் நகருக்கு வந்த பிறகும் குப்பை லொறி உறுமினால் கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவாள். பிள்ளை நித்திரை கொள்ள வேண்டுமே என்று சொன்ன பொய் அது.

சொல்வது லேசாக இருந்தது, காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஞாயிறு பின்னேரங்களில் ரயிலில் ஆமிச் சீருடைப் பையன்கள் துவக்கோடு ஏறுவார்கள். சாரணர்கள் என்றேன். தோளில் தொங்குவது என்ன என்று கேட்டாள். ஏதோ வாத்தியம் என்றேன். நான்கு வருடம் இப்படியே புளுகி ஓட்டினேன்.

தொண்ணூற்றாறு மே மாதம், அவளுடைய வகுப்பை மழைக்குட்டைகள் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எனக்கு உணவகச் சமையலறையில் அன்று லீவு, துணைக்குப் போனேன். பஸ்ஸால் இறங்கி, ஓர் இரும்புக் கேற்றைத் தாண்டி வெட்டவெளியில் நடந்தோம். சேற்றில் இரண்டிரண்டு வரிசையாக நீளக் குட்டைகள். ஓரங்களில் சங்கிலிப் பட்டையின் பல் பதிந்திருந்தது. எனக்குப் பழக்கமான பல் அது.

பிள்ளைகள் குந்தியிருந்து தேநீர் வடிகளால் துழாவினார்கள். சாருஜா நனைந்த கையில் ஒரு தேரையை ஏந்தி வந்தாள். முதுகு சேற்று நிறம், வயிறு நல்ல மஞ்சள்.

"இதுக்குப் பெரிய குளம் சரிவராதாம் அப்பா. மீன் முட்டையைத் திண்டிடுமாம். காய்ஞ்சு போற குட்டைதான் வேணுமாம்."

அப்போது ஒரு பிள்ளை, இதையெல்லாம் யார் தோண்டினார்கள் என்று கேட்டது. ஆசிரியை சாவதானமாக விளக்கினார். என்னுடையது சமையலறை ஜெர்மன், ஆனாலும் 'பான்சர்' என்றால் டாங்கி என்று எனக்குத் தெரியும். இங்கேதான் ஆமி பயிற்சி எடுக்கிறதாம். டாங்கிகள் உழுதுவிட்டால்தான் தேரைகளுக்கு வீடாம். சாருஜாவுக்கு என்னைவிட நன்றாக ஜெர்மன் விளங்கும். அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, என் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஓடவில்லை, அழவுமில்லை. தேரையை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"இஞ்சையும் ஆமி இருக்குத்தானே அப்பா?"

"ஓம்."

"முட்டை கிடக்கேக்கை டாங்கி வந்தால்?"

அவளே போய் ஆசிரியையிடம் கேட்டு வந்து, குட்டைகளைச் சுற்றித் தடி நட்டுக் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை நாடாவைக் காட்டினாள்.

"கோடை முடியுமட்டும் இது இருக்குமாம். டாங்கி சுத்தித்தான் போகுமாம். இதுக்கை தேரை இருக்கெண்டு ஆமிக்குச் சொல்லிப்போட்டினமாம்."

"நல்லது பிள்ளை."

நாடாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அங்கை ஊரிலை நாங்கள் இருக்கிறமெண்டு ஒருத்தரும் ஆமிக்குச் சொல்லேல்லையோ அப்பா?"

துவக்கை வாத்தியமாக்கிய வாய் என்னுடையது. அதற்கு அன்று ஒரு பொய்கூட வரவில்லை.