பதினெட்டு, இருபத்தைந்து

1.
இந்தக் கதை, காரைக்காலில் சலோமியின் சாணைக் கடையில், காகிதத்தில் சுற்றிய அடுக்களைக் கத்தியோடு வரிசையில் நின்றபோது எனக்குக் கிடைத்தது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'கடற்காற்று வீசும் ஒரு மாலைப் பொழுதில்...' (அடித்துவிட்டேன். காலை பதினொன்றரை. வீசியது மின்விசிறி.)

2.
அங்கே கத்தியின் கூர்ச் சாய்வை அளக்கும் கருவியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னப் பெட்டி. உள்ளே லேசர் விளக்கு, சுற்றிலும் பாகைமானி போல எண்கள். கதிர் கத்தியின் கூரில் பட்டு இரண்டாகப் பிரிந்து, பக்கத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளியாக விழும். புள்ளி நிற்கும் எண்தான் அந்தப் பக்கத்துச் சாய்வு. ஒளி எதிரொளிப்புப் பாடத்தைப் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். அது வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன்.

3.
எனக்கு முன்னால் நின்றவர் நஸ்ருதீன். ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பவர். இரண்டு வருடமாகச் சலோமியிடம்தான் தீட்டுகிறார். மணிக்கட்டு வலி தாங்காமல் கடையை மூடப்போகிறாராம்.

"கடைசியா ஒரு தடவ தீட்டிக் குடும்மா. மச்சான் ஜவுளிக் கடையில உக்காரப் போறேன்."

"கறி வெட்டுன கையி சேலை கிழிக்கப் போவுதா பாய்?"

"சேலையில எலும்பு இல்லல்ல."

சிரித்துக்கொண்டே, முந்தின நாள் வந்திருந்த கருவியில் கத்தியை வைத்தாள் சலோமி. சிரிப்பு நின்றது. இடப்பக்கம் பதினெட்டு. வலப்பக்கம் இருபத்தைந்து.

4.
இங்கே மாட்டிக்கொண்டேன். என் முதல் வரைவில் அவள் ஒன்றும் சொல்லாமல் சாணையில் வைத்துச் சரிசெய்து கொடுத்துவிடுகிறாள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அதனால் வாக்கியங்களும் தடங்கலின்றி வந்தன. ஆனால் அவள்—

(இவ்வளவு நேர்மையை வாசகர் நம்புவாரா? நம்பாவிட்டால் குறை என் எழுத்தில்.)

"பாய், இங்க வந்து பாருங்க. ரெண்டு புள்ளியும் ஒரே எண்ணுல நிக்கணும். கத்திய மாத்திப் புடிக்கிறப்ப என் இடது கை தூக்கிருக்கு. கத்தி ஒரு பக்கமா இழுத்திருக்கும். நீங்க மணிக்கட்டத் திருப்பித் திருப்பி நேராக்கிருக்கீங்க."

"அப்ப இந்த வலி?"

"அத டாக்டர்தான் சொல்லணும். ஆனா கோணல் என்னோடது."

வரிசையில் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். எல்லோரும் அவளிடமே தீட்டுபவர்கள்.

"அப்ப நம்ம கத்தி கதி?" என்றார் பக்கத்துச் சுரக்குடியிலிருந்து வந்திருந்த ஒருவர்.

"அதையும் வைங்க, பாத்துருவோம்."

5.
முடிவுகள்.

(அ) 'ரெண்டு வருசமா என் கையத் தின்னுட்டியே!' என்று நஸ்ருதீன் கத்தினார்... (வசனம் மழுங்கல்.)

(ஆ) மன்னித்தார், கை குணமானது. (எழுதக் கூச்சமாக இருக்கிறது.)

நான் பார்த்தது இவ்வளவுதான். அவர் கத்தியைத் தானே இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். "கடையில இன்னும் மூணு கெடக்கு," என்றார். தீட்டவா, வேறெங்காவது கொண்டுபோகவா, சொல்லவில்லை. கையிலிருந்ததையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

சலோமி எங்கள் கத்திகளை ஓரம் தள்ளி, மேசையில் நஸ்ருதீனின் நான்கு கத்திக்கு இடம் விட்டாள். பிறகு என் கத்தியை வைத்து, எண்களைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

நான் கிளம்பும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. அவர் திரும்பி வந்தாரா என்று அவளிடம் தொலைபேசியில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வலிப்பது உங்கள் மணிக்கட்டு என்று வைத்துக்கொண்டு, நீங்கள் முடிவு செய்யுங்கள்.