பாசி மட்டும் பச்சை

லிபியா எழுதிவந்த நோட்டில் பன்னிரண்டு நாள் கணக்கும் ஒரு நாள் விடாமல் இருந்தது. காலை 4.50, தெளித்தேன். மாலை 6.40, தெளித்தேன். பாசி பச்சை. இலைகள் மூடியுள்ளன, உறக்கம். ஒவ்வொரு வரியின் எதிரிலும் ஒரு சரிக் குறி. ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில், தரச் சோதனை மேசையில் இரண்டு வருடமாக அவள் போட்டுவரும் அதே குறி.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மார்ச் கடைசி என்று நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிய கம்பெனி, அன்றுதான் விடுமுறை கொடுத்தது. பகல் பதினொரு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனவள், நல்ல வெயிலில் அந்தப் புளிய மரத்தை முதன்முறையாகப் பார்த்தாள். பகலில் விரிந்திருக்க வேண்டிய இலைகள் அப்போதும் மூடித்தான் இருந்தன.

மரம் ஜோதிமணி அக்காவுடையது. முழங்கை உயரம்தான், வயது பதினான்கு. கிருஷ்ணகிரி சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிப் போட்ட மரங்களின் நடுவில் முளைத்திருந்த கன்றைப் பறித்துவந்து, சாண் அகலத் தட்டில் வளர்த்தவள் அவள். ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு கட்டும் வேலை. பாகலூர் சாலை நர்சரியின் மாடியில் ராஜசேகர் சார் செவ்வாயும் வியாழனும் நடத்தும் போன்சாய் வகுப்பில் லிபியாவுக்குப் பக்கத்து நாற்காலி. ஏப்ரலில் வகுப்பின் கண்காட்சி. பாசி மண்ணோடு ஒட்ட இரண்டு வாரம் வேண்டும் என்று மரத்தடி முழுக்கப் பாசி பதித்துவிட்டு, ஜோதிமணி தன் மகளின் வளைகாப்புக்கு நாகரசம்பட்டி கிளம்பும்போது தட்டை லிபியாவிடம் கொடுத்தாள்.

"பாசிக்கு ரெண்டு வேளையும் தெளி கண்ணு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா தட்டோட தண்ணில முக்கி எடு. தெளிக்கறது பாசி குடிக்க, முக்கறது மரம் குடிக்க. எழுதிக்கிட்டியா?"

"எழுதிட்டேங்க்கா."

"நீ எழுதாம இருப்பியா! அதான் உன்கிட்ட குடுக்கறேன்."

எழுதத்தான் எழுதினாள். ஆனால் ஒரு தடவைகூட முக்கவில்லை.

காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பிப்ரவரியில் அவள் தன் அரசங்கன்றுக்குப் பாசி பதித்து, வகுப்பில் எல்லார் முன்னாலும் வாளியில் முக்கினாள். பாசி மொத்தமும் கழன்று மேலே மிதந்தது. "என்னா லிபியா, தெப்பத் திருவிழாவா?" என்றான் சுரேந்தர், சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவன். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். அன்று இரவு நோட்டில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டாள். அக்காவின் பாசி மிதந்துவிடக் கூடாது என்பது மட்டுமே இந்தப் பன்னிரண்டு நாளும் அவள் நினைப்பாக இருந்தது. தெளிக்கத் தெளிக்கப் பாசி வெல்வெட் போல மினுங்கியது. இது போதும், மண்ணுக்கும் இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவள். அந்த இரண்டு வேளையும் புளி இலை மூடித்தான் இருக்கும். பாசியின்மேல் உதிர்ந்த இலைகளைப் புருவம் திருத்தும் இடுக்கியால் பொறுக்கி எண்ணிக்கையும் எழுதினாள். பதினொன்று. பத்தொன்பது. நாற்பத்து நான்கு. பக்கத்தில், 'பங்குனியில் உதிரும்' என்று ஒரு குறிப்பு, அதற்கும் ஒரு சரிக் குறி.

இப்போது கிளையைத் தொட்டதும் மிச்ச இலைகள் பொலபொலவென்று கொட்டின. சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். அது பாசியின்மேல் வழுக்கி, தட்டின் விளிம்பு வழியாக அவள் காலில் வழிந்தது. அப்போதும் வாளியில் முக்கத் துணியவில்லை. 'அக்கா, மரம் ஒரு மாதிரி இருக்கு' என்று போனில் தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டி, மறுபடி அழித்தாள்.

செவ்வாய் மாலை மரத்தைத் துணிப்பையில் வைத்து வகுப்புக்கு எடுத்துப்போனாள். ஜோதிமணி ஊரிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் வளைகாப்பு வளையல் இன்னும் கழற்றாமல் இருந்தது. தட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"என்னாச்சு கண்ணு?"

லிபியா வாயைத் திறப்பதற்குள் ராஜசேகர் சார் குனிந்து பார்த்தார். "பாசி இவ்ளோ நல்லா இருக்கு. தண்ணி கொறையில்ல. வேர்ல ஏதோ சூடு. உரம் ஏதும் போட்டீங்களாம்மா?"

"ஊருக்குப் போற முன்ன சுரேந்தர் குடுத்த புண்ணாக்குத் தூள் போட்டேன்."

எல்லாரும் சுரேந்தரைப் பார்த்தார்கள். அவன் முகம் விழுந்துவிட்டது. "ஒரு கையளவு தான்க்கா… கொஞ்சம் கூடப் போயிடுச்சோ என்னமோ. தப்பு என்னுதுதான்க்கா, மன்னிச்சுக்குங்க."

லிபியா தரையைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதைவிடக் கேவலம், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. தெப்பத் திருவிழா என்று சிரித்த வாய் இப்போது மன்னிப்புக் கேட்கிறது. அந்தச் சந்தோஷத்தை அவளே பார்த்துவிட்டாள். பார்த்ததும் காது மடல் வரை சுட்டது.

"இருங்க, அந்தப் பையனைத் திட்டாதீங்க," என்றாள் ஜோதிமணி. "இவ நாள் தவறாம எழுதி வச்சிருப்பா. படி கண்ணு. எந்த நாள்ல இருந்து வாடுச்சுன்னு தெரிஞ்சிடும்."

நோட்டைத் திறந்தாள். உதிர்ந்த இலைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. விரல் அந்தப் பக்கத்தில்தான் நின்றது. பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பி, அக்கா சொன்னதை அக்கா சொன்னபடியே வாசித்தாள். தெளிக்கறது பாசி குடிக்க, முக்கறது மரம் குடிக்க. அப்புறம் பன்னிரண்டு நாளையும் வாசித்தாள். தெளித்தேன். தெளித்தேன். தெளித்தேன்.

"முக்கினது எங்க எழுதியிருக்க?" என்றார் சார்.

"முக்கல சார்." நோட்டை மூடினாள். "பாசி மிதந்துடும்னு பயந்து… ஒரு நாள்கூட முக்கல. சுரேந்தர் உரத்தால இல்ல. ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. ஜோதிமணி பாசியின் ஓரத்தை நகத்தால் தூக்கி உள்ளே விரலை விட்டாள். வெளியே வந்த விரலில் ஈரமில்லை. மாவு மாதிரி மண் உதிர்ந்தது. பாசியை ஒரே தோசையாக உரித்து மேசைமேல் வைத்துவிட்டு, தட்டை வாளித் தண்ணீரில் முக்கினாள். குமிழிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. அவை நிற்கும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சார் தண்டைக் கீறினார். மேலே பழுப்பு. அடியில், வேருக்கு ஒரு விரல் மேலே, நூல் போலப் பச்சை. "வந்தாலும் வரும். சொல்ல முடியாது. கண்காட்சிக்கு ஆகாது."

"எட்டு வருசமா கண்காட்சிக்குப் பேரு குடுக்கணும்னு இருந்தேன்," என்றாள் ஜோதிமணி, யாரையும் பார்க்காமல். மரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். போகும்போது பாசியை லிபியா பக்கம் தள்ளினாள். "இதை நல்லாத்தான் பாத்துக்கிட்ட. நீயே எடுத்துட்டுப் போ."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

பஸ் நிறுத்தத்தில் சுரேந்தர் நின்றிருந்தான். "சாரி" என்றாள். "பரவால்லங்க" என்றான். எப்போதும் 'லிபியா' என்றுதான் கூப்பிடுவான், இந்த 'ங்க' புதிது. தெப்பத் திருவிழா என்று இன்னொரு தரம் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டான்.

பாசியை டிபன் பாக்ஸில் வைத்து அறைக்குக் கொண்டுவந்தாள். விடியற்காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தவள் மூடியைத் திறந்தாள். குளிர்ச்சியாக, குறையொன்றும் இல்லாமல் பச்சையாக இருந்தது. பாசிமேல் என்ன தப்பு? தெளித்தாள். நோட்டை எடுத்தாள், தேதி போட்டாள். அதற்குமேல் எழுதவில்லை.