நிச்சயதார்த்த நாளில் நீலச் சாயம்

புற்றுநோய்க்கு யாராவது ராகு காலம் பார்ப்பார்களா? இளமதி பார்த்தாள். அம்மா லோகநாயகி விட்டால்தானே?

"சனிக்கெழம ஒம்போது மணிக்கு எதையும் ஆரம்பிக்காதடி, பத்தரை தாண்டட்டும்" என்று அம்மா போனில் சொல்ல, ஐந்து வருஷமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டும் மகளும் மண்டையை ஆட்டித் தொலைத்தாள். பத்தரைக்குத் தொடங்கிய சோதனையை மறுநாள் பத்தரைக்குத்தான் நுண்ணோக்கியில் படம் எடுக்க வேண்டும். மறுநாள் ஞாயிறு. திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்தில் பன்னிரண்டு மணிக்குள் அவளுக்கே நிச்சயதார்த்தம்! ஆய்வகமோ சிதம்பரத்தில். பைக்கில் பறந்தாலும் ஒரு மணி நேரம். படம் எடுத்துக் கொடுக்க வேறு ஆளுமில்லை. முகூர்த்த நாளாயிற்றே, ஆளுக்கொரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆக, ஞாயிறு காலை பட்டுப்புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவள் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை ராஜ்கமல். பக்கத்து ஊரான கிள்ளையில் இறால் பண்ணை வைத்திருப்பவன். போகிற வழியில் ஏற்றிக்கொள்கிறேன் என்று பைக்கோடு வந்திருந்தான். பெண் பார்த்த அன்றைக்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்வதே இன்றுதான்.

"இதுல என்னங்க பாக்குறீங்க?"

இளமதி சொன்னாள். புரோஸ்டேட் புற்று சுரப்பிக்குள்ளேயே கிடந்தால் சமாளித்துவிடலாம். கிளம்பி எலும்புக்குப் போனால்தான் ஆபத்து. அந்தச் செல்களைத் தட்டில் வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறி வைத்தால், இரண்டு பக்கமிருந்தும் நகர்ந்து வந்து ஒரே நாளில் இடைவெளியை மூடிவிடும். அவளுடைய மருந்து அந்த நடையை நிறுத்த வேண்டும். இதுவரை நிறுத்தவில்லை. நேற்று அளவை இரட்டிப்பாக்கி, மிச்சமிருந்த மருந்தை எல்லாம் ஊற்றிவிட்டாள். இதுவும் கைவிட்டால் ஐந்து வருஷமும் பாழ்.

மணி பத்தரை. மருந்தில்லாத தட்டில் கோடு இருந்த இடமே தெரியவில்லை. மருந்து ஊற்றிய தட்டில் கோடு நேற்றுப் போட்டது போலவே திறந்து கிடந்தது.

"நவுரல! ஒண்ணுகூட நவுரல!" இளமதி எழுந்து குதித்தாள். தலையிலிருந்த மல்லிகைச் சரம் பாதி அவிழ்ந்து தொங்கியது.

ராஜ்கமலும் குனிந்து பார்த்தான். "ஏங்க, தப்பா நெனைக்காதீங்க. எங்க குட்டையில எறா நவுரலன்னா, மொதல்ல செத்துச்சான்னுதான் பாப்போம்."

அவளுக்குத் திக்கென்றது. இரட்டிப்பு மருந்து! கொன்றிருந்தால் இது வெறும் விஷம், கண்டுபிடிப்பே இல்லை. நீலச் சாயம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். செத்த செல் மட்டும் நீலமாகும். ஆனால் அதற்கு இன்னும் அரை மணி நேரம் வேண்டும். முகூர்த்தம் போய்விடும்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, "பாத்துடுங்க, அப்புறம் மனசு கேக்காது" என்றான்.

அவள் சாயத்தைக் கையில் எடுக்க, அடித்த அவள் போனை அவனே எடுத்தான். "அத்தே, கொஞ்சம் லேட்டாவும். உசுரோட இருக்கான்னு பாத்துட்டு வந்துடுறோம்."

"ஐயையோ, யாரு உசுரு?" லோகநாயகி அலறியது ஆய்வகம் முழுக்கக் கேட்டது.

அரை மணி கழித்துப் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலம். மற்றதெல்லாம் பளிச்சென்று, உயிரோடு! புற்றுநோய் பிழைத்துக் கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். எமகண்டம். ஒன்றரை வரை தட்டு மாற்றக்கூடாது என்று பந்தியை முதலில் போட்டுவிட்டார்கள். சாப்பிட்டு முடித்தபின் பெரியவர் ஒருவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்: "பொண்ணுக்கு சம்மதந்தானே?"

நேற்று வரை அம்மாவுக்காகத்தான் தலையாட்டியிருந்தாள்.

"சம்மதம்!" என்று அவள் போட்ட சத்தம் சமையற்கட்டு வரைக்கும் கேட்டது. வெட்கம் தாங்காமல் லோகநாயகிதான் தலையைக் குனிந்துகொண்டாள்.