இடது தோளில் ஒரு முடிச்சு

சுலைகாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோனதிலிருந்து, அவளைக் கட்டிலிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது அவள் கணவர் மீரா சாகிபுவின் வேலை. அவள் தன் வலது கையை அவருடைய இடது தோளில் போட்டுக்கொள்வாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவார். வேறு யாரையும் தொட விட்டதில்லை. அதன்பிறகுதான் மலேசியாவின் பாசிர் பெனம்பாங் ஊரில் இருக்கும் தன் சாப்பாட்டுக் கடைக்குப் போவார்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அந்தத் தோளின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கியது. வலி மெல்லக் கையில் இறங்கி விரல்வரை ஓடியது. அவருடைய அண்ணன் இப்படித்தான் இடது கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சாய்ந்து இறந்துபோனார். தனக்கும் நெஞ்சுக் கோளாறுதான் என்று மீரா சாகிபு முடிவு கட்டிக்கொண்டார். மருத்துவமனைக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள், சுலைகாவை யார் தூக்குவது என்று நினைத்து, வலிக்கிற இடத்தில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் மகள் சனாவை அழைத்து, அம்மாவை எப்படித் தூக்க வேண்டும், எந்த மாத்திரையை எப்போது தர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சுலைகா பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் போனதும் கேட்டாள்.

“ஏங்க, எங்க போகப் போறீங்க?”

அவரால் மறைக்க முடியவில்லை. சொன்னார். மறுநாள் காலையில் இருவரையும் சனா காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், ரத்தமும் சோதித்தார். நெஞ்சில் ஒன்றும் இல்லை, தசையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி இயன்முறைச் சிகிச்சை தரும் ஷர்மினியிடம் அனுப்பினார்.

ஷர்மினி தோளின் முன்பக்கத்தைத் தொடவே இல்லை. பின்னால் போய், தோள்பட்டை எலும்பின் மேல் விரலை நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தி அழுத்தினாள். மீரா சாகிபுவுக்கு அதே வலி விரல்வரை ஓடியது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“இதான் அங்கிள். சதை இங்க இறுகி முடிச்சு மாதிரி நிக்குது. முடிச்சு பின்னால, வலி முன்னால. நீங்க தைலம் போட்டது வலிக்கிற இடத்துல. என்ன தூக்குறீங்க தினமும்?”

கடையில் மாவு மூட்டை தூக்குவதாகச் சொன்னார். மாவு மூட்டையை அவர் தொட்டுப் பல வருடமாயிற்று என்று சுலைகாவுக்குத் தெரியும்.

“மாவு இல்லம்மா,” என்றாள் அவள். “நான்தான்.”

மீரா சாகிபு தரையைப் பார்த்தார். ஷர்மினி சுலைகாவின் நாற்காலி அருகே குனிந்து, கனத்தால் மட்டும் வந்தது இல்லை, மூச்சைப் பிடித்து உடம்பை முறுக்கித் தூக்குவதுதான் சதையை இறுக்கியிருக்கிறது என்றாள். சுலைகாவின் இடுப்பில் கட்டித் தூக்கும் பட்டை ஒன்றைக் கொடுத்து, தூக்கும் முறையை மாற்றிக் காட்டினாள். சில நாள் சனாவும் தூக்கட்டும் என்றாள். பிறகு, வீட்டில் இந்த இடத்தை அழுத்திவிட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

அதெல்லாம் வேண்டாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சுலைகா வலது கையைத் தூக்கினாள்.

“இந்தக் கை நல்லாத்தான் இருக்கு.”

அவரைத் தாழ்ந்த முக்காலியில், அவளுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். ஷர்மினி அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். “மெதுவா ஆன்ட்டி. நசுக்க வேணாம். அப்படியே வச்சிருங்க, அவர் மூச்சு விடட்டும்.”

வலி உடனே போய்விடவில்லை. சில நாள் குறைந்தது, சில நாள் மறுபடி கைக்கு இறங்கியது. தினமும் மாலை அசர் தொழுகை முடிந்ததும் அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். கடைக் கதை, மீன் விலை, சனாவின் பிள்ளைகள் என்று ஏதாவது பேசுவார். பேசிக்கொண்டே சில சமயம் தூங்கி விழுவார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் சுலைகாவின் விரலுக்குக் கீழே முடிச்சு தட்டுப்படவில்லை. சதை மிருதுவாக இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். எழுந்திருக்கவில்லை.

அவளும் கையை எடுக்கவில்லை.